குதிரை வயிற்றில் ஒரு துளை

குதிரையின் வயிற்றிலிருந்து கசிந்த நீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பூங்காவில் சிலை துலக்குகிறவனுக்கு (பாலீஷ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) அதுதான் முதலில் பிடிக்கவில்லை. தளபதி ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த வெண்கலக் குதிரை உள்ளே வெறும் கூடு. மழைநீர் வடிய அடிவயிற்றில் விரல் பருமனுக்கு ஒரு துளை விட்டுத்தான் வார்ப்பார்கள். போன வருஷம் மாலை போட வந்த தலைவரின் வழுக்கையில் அந்தத் துளை குறிதவறாமல் சொட்டிவைத்தது. தளபதியின் குதிரை தலைவர் மேல் ஒன்றுக்கிருந்துவிட்டதென்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மானம் காக்க உடனே ஒரு குழு கூடியது, துளைக்குத் தக்கை அடித்தது, கைகுலுக்கிக் கலைந்தது. அன்றிலிருந்து பெய்த மழையெல்லாம் உள்ளேயே கிடக்கிறது.

தளபதிக்கோ குதிரையென்றாலே நடுக்கமாம். போர் முடியும்வரை கூடாரத்தைவிட்டு வெளியே வராதவர், பீடத்தில் மட்டும் வாளை உருவி வானத்தை மிரட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, காலையில தலைவர் வர்றார். இந்த நாத்தத்தை மோந்தார்னா உங்க வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு" என்றார் பூங்காக் கண்காணிப்பாளர், கைக்குட்டைக்குள்ளிருந்து. அவன் மனைவிக்கு அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவர். அதை மறக்க விடாதவர்.

"எலி கிலி செத்திருக்கும் மச்சான்."

"எலியா? ஒரு பட்டாளமே செத்த மாதிரி நாறுது. தக்கையைப் பிடுங்கி வழிச்சு விடுங்க. நான் அப்படித் தள்ளி நிக்கிறேன்."

"நிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்."

வெளிச்சம் மங்க மங்க, பறவைகள் ஏனோ அந்தப் பக்கம் அடையாத மரங்களுக்கு நடுவே, அவன் குதிரையின் கால்களுக்கிடையில் மல்லாந்து படுத்து, புளித்த பாலும் நனைந்த தோலும் கலந்த அந்த வாடையை வாயால் மூச்சுவிட்டுச் சமாளித்தபடி தக்கையைத் திருகிப் பிடுங்கினான். கொழகொழவென்று மஞ்சள் கொழுப்பு அவன் கழுத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதில் மயிர். கட்டையான பழுப்பு மயிர்.

வெண்கலத்துக்கு ஏது மயிர்?

எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் நாளை அடுப்பில் உலை வைப்பது யார்? கண்ணை மூடிக்கொண்டு விரலை உள்ளே விட்டான்.

விரல் போயிற்று. பின்னாலேயே மணிக்கட்டுவரை கை போயிற்று. எப்படிப் போயிற்று?

உள்சுவர் மெத்தென்றிருந்தது. துடித்தது.

ஏதோ ஒன்று விரல்களை நக்கியது. ஒவ்வொன்றாக. பிறகு சப்பியது.

இழுத்தான். வரவில்லை. துளையின் விளிம்பு மணிக்கட்டைக் கவ்வியது. ஈரமாக. உதடு மாதிரி.

"மச்சான்!"

"சொட்டுறது நின்னுடுச்சு மாப்ளே!" தூரத்தில் குதூகலக் குரல். "அப்படியே வச்சிருங்க கையை!"

முழங்கை போயிற்று. வலியே இல்லை. அதுதான் அருவருப்பு.

மேலே உலோகம் முனகியது. அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

தளபதி வானத்தைப் பார்க்கவில்லை. சேணத்திலிருந்து வளைந்து குனிந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் பந்தியில் செய்வதுபோல வாயை மூடியபடி, நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.