வெட்டினால் நீலம்

'டங்!'

லிஃப்ட் குலுங்கி நின்றது. ஐந்தாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில்!

விளக்கு அணைந்தது.

"கரன்ட் ஹோய்த்து, குரு!" 'கரன்ட் போச்சு நண்பா' என்று கன்னடத்தில் சொல்லி உத்தமன் சிரித்தான்.

பரத் சிரிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவன், விடிவதற்குள் பிணமாகியிருக்க வேண்டியவன்!

போன மாதம் ஹெப்பகோடி ரோட்டில் பரத் ஓட்டிய கார் ஒரு வாட்ச்மேனை அடித்துக் கொன்றது. அவன் நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டில் ரூம்மேட் உத்தமன். இன்று போலீசுக்குப் போய்ச் சொல்லப் போகிறான்.

அதனால்தான் நேற்று காளான் குழம்பு! சக்லேஷ்பூர் ட்ரெக்கில் பறித்த காளான். இரண்டு சட்டி. ஒன்று உத்தமனுக்கு. இன்னொன்று தனக்கு... சந்தேகம் வராமலிருக்க!

"மச்சி, நேத்து குழம்பு செம!"

"உனக்கு... வயிறு ஒண்ணும் பண்ணலையா?"

"ஏன் பண்ணணும்?"

"வெட்டினப்ப நீலமா மாறிச்சே..."

"அது மாறும்டா! கூடலூர்ல மழை பேஞ்சா எங்க வீட்ல இதான் கறி. அடியில ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குமே, அந்த ஜாதி. கறுப்பு, மஞ்சள், காப்பி கலர்னு எத்தனையோ இருக்கு. ஸ்பாஞ்ச் சிவப்பா இருந்தா எங்கம்மா தொடமாட்டாங்க. உன்னுது மஞ்சள். அத உரிக்கணும்னுகூடத் தெரியல உனக்கு! நீ குளிக்கப் போனப்ப நான்தான் உரிச்சு, வேகவச்சு, தண்ணிய கொட்டினேன்."

நீலம் என்றால் விஷம்... பரத் அப்படித்தான் நம்பியிருந்தான்!

சுளீர்!

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

"டேய்! நீ எதத் தின்ன?"

"வெள்ளை... பளிச்சுனு, சுத்தமா இருந்துச்சு..."

"அடியில ஓட்டையா, மடிப்பா?"

"மடிப்பு மடிப்பா..."

"தண்டுக்குக் கீழ பை மாதிரி?"

பரத் 'ம்' என்று முனகினான். இருந்தது!

உத்தமனின் குரல் மாறியது. "அது ஆளக் கொல்ற ஜாதிடா! எனக்கு மட்டும் எதுக்குடா தனிச் சட்டி?"

பரத் லிஃப்ட் கதவைப் பிடித்து இழுத்தான்.

"சொல்றா!"

"உன்னக் கொல்றதுக்குத்தான்! வாட்ச்மேன் விஷயத்த நீ சொல்லிடுவேன்னு..." பரத் அவன் காலைப் பிடித்தான். "என் போன் ரூம்ல இருக்குடா... ஆம்புலன்ஸைக் கூப்பிடு! செத்துடுவேன்டா!"

கதவு அசையவில்லை. காற்று கனத்தது.

உத்தமன் போனை எடுத்தான். பேசினான். மறுபடி பேசினான். இன்னொரு முறையும் பேசினான்.

"வ... வராங்களா?"

"ஆம்புலன்ஸ், போலீஸ், லிஃப்ட் மெக்கானிக்... மூணு பேரும் கிளம்பிட்டாங்க."

"எப்ப வருவாங்க?"

உத்தமன் சுவரில் சாய்ந்தான்.

"மூணு பேரும் மணிக்கணக்கா நகராத சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டித்தான் வரணும் குரு... நல்லா சாஞ்சு உக்காந்துக்கோ!"