விடாத பிரேக்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் எந்த நாயும் ஊளையிடவில்லை. ஆந்தை அலறவில்லை. பட்டப்பகலில், கண் கூசும் வெயிலில், நான்கு தெருவுக்குக் கேட்கும்படி இருமிக்கொண்டு வந்து ஷெட்டுக்குள் நின்றது. முப்பது வயது வண்டி. கனிந்துபோன வாழைப்பழ நிறம். உள்ளே பழைய ரெக்சின் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை.

“யாரோ உக்காந்திருந்த மாதிரி வாசனை வருதுங்க,” என்றாள் மனைவி.

“கார்ல உக்காராம, தலைமேல வச்சா தூக்கிட்டுப் போவாங்க?” என்றேன். அன்றைக்குக் கொஞ்சம் வாயடக்கமாக இருந்திருக்கலாம்.

முப்பத்துநாலு வருடம் ஊரிலுள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை பார்த்தேன். அத்தனை வருடமும், “ரிட்டயர் ஆனதும் கார் வாங்கறேன், நீதான் ஓட்டணும்” என்று அவளிடம் சொல்லிச் சொல்லியே காலத்தைத் தள்ளினேன். அவள் சும்மா இருந்தாளா? நான் ரிட்டயர் ஆன மறுவாரமே, அறுபதாவது வயதில், பயிற்சி உரிமத்தை வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனால்கூட அதிலிருக்கும் அவள் படம் என்னை முறைக்கும். வேறு வழியில்லாமல் வாங்கிய கார்.

ஓடுவதில் அதற்குக் குறையில்லை. நிற்பதில்தான் அளவுகடந்த ஆர்வம்.

நான் பிரேக்கில் கால் வைத்திருக்க மாட்டேன். திடீரென்று பின் இடது சக்கரம் கடக்கென்று பிடித்துக்கொள்ளும். தபால்காரருக்குக் கை காட்டினேன், பிடித்தது. என் பல்செட் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. வளைவில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், பிடித்தது. மனைவி பக்கம் திரும்பி ஒரு வாக்குவாதத்தை வெற்றிகரமாக முடிக்கும் நேரத்தில் பிடித்த பிடியில், என்ன வாக்குவாதம் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று.

பழைய வண்டிகளுக்கு வருடாந்திரச் சோதனை உண்டு. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஒரே வரி: பின் இடது பிரேக் விடவில்லை. மூன்றாம் முறையும் தோற்றால் பதிவு ரத்து. வண்டி இரும்புக் கடைக்கு, மனைவியின் உரிமம் கதவிலேயே. தேதி, வருகிற திங்கட்கிழமை.

“ஊரான் தராசையெல்லாம் ஃபெயில் பண்ணீங்கல்ல, அனுபவிங்க,” என்றாள்.

தெருமுனை மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்பார்கள். பானெட்டில் காதை வைத்துத்தான் வைத்தியத்தையே ஆரம்பிப்பார். அவர் ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெய்போல் போய் வெண்ணெய்போல் நின்றது. நான் ஓட்டினேன். கடக்! அவர் ஓட்டினார். வெண்ணெய். எனக்கு வந்த ஆத்திரத்தில் காரைக் கடித்திருப்பேன், பல்செட் மீது நம்பிக்கை இல்லை.

“சார், பிரேக்கு சரியாத்தான் இருக்கு. உங்க மேலதான் அதுக்கு ஏதோ கோவம்.”

“அதுக்கும் உன்கிட்ட மருந்து இருந்தா குடு.”

அவர் சொன்னபடி டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூவை மாற்றினேன். கழற்றும்போது தெறித்த ஸ்பிரிங் இன்றுவரை தரையிறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஹேண்ட் பிரேக் கேபிளை மாற்றினேன். பிடித்தது. கேபிளையே கழற்றி மூலையில் வீசினேன். அப்போதும் பிடித்தது! கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி என் கைரேகையே அழிந்துபோய், வங்கி இயந்திரத்தில் விரல் வைத்தால் நான் நானில்லை என்று சொல்ல ஆரம்பித்தது.

டாக்டர் ஒரு நாள் முன்பக்கத்துப் பயணி இருக்கைக்குக் கீழே டார்ச் அடித்தார். கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டில் ஒரு குதிகால் அளவுக்கு மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அதற்கு மேலே தகரத்தில் இரண்டு போல்ட் துளைகள்.

“இங்க என்னமோ இருந்து கழட்டியிருக்காங்க,” என்றவர், “கடைசியா வீல் சிலிண்டரையும் மாத்திப் பாத்துடுங்க,” என்று சொல்லிவிட்டு நழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எண்ணெயின் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் அந்தச் சிலிண்டரை மாற்றினேன். மாற்றினால் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். இருவர் செய்யும் வேலை அது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அமுக்கு, பிடி, விடு. அதற்கு மேல் பேச்சே தேவையில்லை. எங்கள் தாம்பத்தியத்தில் அவள் என் சொல்படி நடந்த ஒரே வேலை இதுதான்.

வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. மூன்று மணிக்கே ஷெட்டுக்குள் சாயங்காலம். மனைவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இரும்பு.

“அமுக்கு.”

கிரீச்.

“பிடி.” திறந்தேன். குழாய் வழியாகக் குமிழி குமிழியாக எண்ணெய் வந்தது. மூடினேன். “விடு.”

நாலைந்து முறை இப்படிப் போயிற்று. நடுவில் அவள் என்னவோ சொன்னாள். மழையின் முதல் சடசடப்பில் காதில் விழவில்லை. நான் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தேன்.

“அமுக்கு.”

கிரீச்.

இந்த முறை மிதி அழுத்தமாக இருந்தது. அவசரமில்லாத, பழகிய கால். எனக்கே ஆச்சரியம்.

“பரவாயில்லையே, தேறிட்டியே!” என்றேன்.



“விடு. அமுக்கு. பிடி.”

குமிழிகள் நின்று எண்ணெய் சுத்தமாக வர ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன். கிரீச் என்ற அந்தச் சத்தம் ஸ்டியரிங் இருக்கும் பக்கத்திலிருந்து வரவில்லை.

பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது.

தைல வாசனை என் முகத்தின் மேல் மெதுவாக இறங்கியது.

ஷெட் வாசலில், ஈரத்தில் சப் சப்பென்று இரண்டு செருப்புகள் வந்து நின்றன. நீலப் பட்டை வைத்த செருப்பு. என் மனைவியுடையது.

“பாலு பொங்கி அடுப்பெல்லாம் நாசம்,” என்றாள். “நான் வர்ற வரைக்கும் இருங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? யாரு கூடப் பேசிட்டிருக்கீங்க?”

திருகை அவசரமாக மூடினேன்.

“விடு,” என்றேன். 

விடவில்லை.

“விடு…”

பிரேக் பிடித்தபடியே இருந்தது.

அறுபது தாண்டிய வயதில், மல்லாந்த வாக்கிலேயே ஒரு மனிதன் பத்தடி பறக்க முடியும் என்பதை அன்று நிரூபித்தேன். எழுந்து பயணி பக்கத்துக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். யாருமில்லை. கார்ப்பெட்டில் அந்தக் குதிகால் பள்ளம் மட்டும், மேலே இருந்த கனம் எடுபட்டதுபோல், மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

மனைவியிடம் முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டு, வண்டியை எங்களுக்கு விற்ற பெண்மணிக்குப் போன் செய்தேன்.

“அந்த முன் சீட்டுக்குக் கீழ என்னம்மா இருந்துச்சு?”



“ரெண்டாவது பிரேக் பெடலு சார். அப்பா கார் ஓட்டக் கத்துக்குடுக்குறவரு. அந்த சீட்லதான் அவரு வாழ்க்கையே.”

“இப்ப?”

“ஒரு நாள், கத்துக்கிட்டிருந்தவரு சிக்னலப் பாக்காம போன்ல பேசிட்டே போயிட்டாரு. அப்பா ஒரே மிதி. வண்டி நின்னுச்சு. அப்பாவோட நெஞ்சும் நின்னுடுச்சு.” குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பேரு சேந்து இழுத்தும் காலை பெடல்லேர்ந்து எடுக்க முடியல சார். பெடலக் கழட்டித்தான் இறக்குனோம். அது அவரு கூடவே போயிடுச்சு.”

போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். தபால்காரர். மூக்குக்கண்ணாடி. வாக்குவாதம். டாக்டர் ஓட்டும்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

இவ்வளவு நாள் நான் பின் பிரேக்கைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்!

திங்கட்கிழமை காலை மனைவியைச் சோதனைக் கூடத்தின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். பெல்ட் போட்டேன். கண்ணாடியைச் சரிசெய்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இல்லாத போக்குவரத்துக்கெல்லாம் சிக்னல் போட்டு, மாப்பிள்ளை அழைப்புபோல் ஊர்ந்து, பிரேக்கையும் எடையையும் பார்க்கும் உருளை மேடையில் ஏற்றினேன். பின் இடது சக்கரம் பூப்போலப் பிடித்தது. பூப்போல விட்டது.

சோதனையாளர் பச்சை முத்திரையை எடுத்தார். குத்தவில்லை. இயந்திரம் துப்பிய சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடையில ஓட்டுறவர் மட்டும்தான் இருக்கணும் சார். பக்கத்துல இருக்கறவரை இறங்கச் சொல்லுங்க.”

“பக்கத்துல யாரும் இல்லீங்களே.”

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சீட்டை என்னிடம் நீட்டினார். “எடை இப்படிக் காட்டுதே. தராசு கெட்டிருக்குமோ?”

வாங்கிப் பார்த்தேன். வண்டியின் வெற்று எடை பதிவுப் புத்தகத்தில் எழுநூற்று அறுபது கிலோ. நான் அறுபத்துநாலு. டாங்கில் பெட்ரோலின் வாசனைக்கு மேல் எதுவுமில்லை. எடைச் சீட்டில் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு. வண்டியை மேடையிலிருந்து இறக்கிவிட்டுப் போய், முப்பத்துநாலு வருடப் பழக்கத்தில் மேடையின் தராசைத் தட்டிப் பார்த்தேன், சமம் பார்த்தேன், வெற்றாக விட்டுப் பூஜ்யம் பார்த்தேன். அவ்வளவு துல்லியமான தராசை நான் பணியில் இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

எழுபத்திரண்டு கிலோ அதிகம்.

எழுபது கிலோ மனிதர். இரண்டு கிலோ இரும்பு.

“தராசு கெட்டுப்போச்சுங்க,” என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் சொல்லாத பொய்யை ஓய்வில் சொன்னேன். முத்திரை விழுந்தது.

மறுநாள் காலை மனைவிக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதற்காக, தைரியத்தை எல்லாம் திரட்டி, ஒரு டம்ளர் காபியோடு விழுங்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். கார் ஷெட்டில் இல்லை. தெருவில் நின்றது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே, முன்னும் பின்னும் ஒரு முழ இடைவெளியில், அளவெடுத்துச் செருகியதுபோல் பின்னோக்கி நிறுத்தப்பட்டிருந்தது. எனக்கு இந்த ஜென்மத்தில் வராத வித்தை.

ஸ்டியரிங்கில் இரண்டு கையோடு மனைவி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“ஓட்டும்போது பேச்சு குடுக்காதீங்க.”

நான் பயணி பக்கத்துக் கதவில் கை வைத்தேன். வண்டி அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. உள்ளே, காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் மாட்டப்பட்டு, விறைப்பாக, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“பின்னால ஏறுங்க,” என்றாள் அவள், திரும்பாமலே. “அங்க ஆள் இருக்கு.”