இரண்டாவது பிரேக்

அந்த வளைவில் வண்டி வேகம் குறைந்தபோது, அவள் காலடியில் இருந்த பிரேக் ஒரே மூச்சில் இறங்கி ஒரே மூச்சில் ஏறியது. அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

அது டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு பிரேக். இரண்டையும் அடியில் ஒரு கம்பி இணைத்திருந்தது. ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து இறங்கும். வாரம் முழுக்க அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்களின் உயிரையும் ரோட்டில் போகிறவர்களின் உயிரையும் காப்பாற்றி வந்தவர் அவள் கணவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஒருவருக்குப் பாடம் முடிந்ததும், பின்சீட்டில் காத்திருப்பவரைக் காட்டி, "இறங்கு, அடுத்த ஆள் ஏறட்டும்" என்பார். தூக்கத்தில்கூட அப்படிச் சொல்லி அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறார். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்குப் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுக்கப் பொறுமை இல்லை. அவள் ஸ்கூல் ஆபீஸில் போன் எடுப்பதோடு சரி.

இருவரும் எங்காவது வெளியே போனால் அவர் ஓட்டுவார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொள்வாள். மிதிக்க மாட்டாள். மிதித்தால் மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். சும்மா வைத்திருப்பாள், கையைப் பிடித்துக்கொள்வதற்குப் பதிலாக. மாஸ்டருக்கு முட்டி வலி. அதனால் அவருடைய பிரேக் எப்போதும் இரண்டாகத்தான் இறங்கும். முதலில் ஒரு தொடுதல், முட்டியிடம் அனுமதி கேட்பது போல. பிறகுதான் அழுத்தம். இத்தனை வருஷத்தில் அது மாறியதே இல்லை.

இப்போது மாறியிருந்தது.

"முட்டி வலி குறைஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

"சரி," என்றார்.

கேள்விக்கும் பதிலுக்கும் பொருத்தம் இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் இன்னும் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தாள். இருக்கட்டும், தனக்கும்தான் கோபம்.

மகளை வேலை கிடைத்த ஊரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் மகளைப் பிரியும் அழுகையோடு அவள் போட்டுக்கொண்ட மஞ்சள் ஸ்வெட்டரின் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று தள்ளி மாட்டியிருந்தன. அதற்கும் அவர் ஒரு பாட்டம் திட்டினார். "எப்பப் பாத்தாலும் லைசென்ஸ் ஆபீஸ் ரோடும் மார்க்கெட் ரோடும்தான். இன்னிக்கு ஒரு நாள் மலை வழியாப் போகலாமே, பாக்க நல்லா இருக்குமாம்" என்று அவள்தான் கெஞ்சினாள். ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதற்கு வழியெல்லாம் வட்டி வசூலித்தார். இதுக்குப் பேரு ரோடா. அவன் பாரு, இண்டிகேட்டர் போடாம திரும்புறான். மலையப் பாத்துட்டே ஓட்டினா மலையடிவாரத்துக்கு நேரா போய்ச் சேரலாம். அருவி வந்தால் அருவியைத் திட்டினார். குரங்கு வந்தால் குரங்கைத் திட்டினார்.

கடைசியாக நின்ற இடத்தில், ரோட்டோரம் இடுப்பளவுச் சுவர் கட்டி, பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிட்டிருந்த திருப்பத்தில், அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க சத்தம் இல்லாம ஒரு அரை மணி நேரம் வர முடியாதா? சத்தியமாக் கேக்கறேன். ஒரு அரை மணி நேரம். உங்க வாய் ஓய்ஞ்சா எனக்கு அது போதும்."

அவர் அவளையே பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவள் மடியில் கிடந்த போனை எடுத்துக்கொண்டார்.

"உன் போன்லதான் போட்டோ நல்லா விழும். எடுத்துட்டு வரேன். மகாராணி உக்காந்திருங்க."

மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து மூடியது. வண்டி நகர்ந்தது. போட்டோ எப்படி வந்தது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அதன் பிறகு அவராகப் பேசவே இல்லை.

முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஒரு பக்கம் நீர் கசியும் கறுத்த பாறை, மறுபக்கம் சுவர், சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரியும்படி பள்ளம் நிறையப் பனி, வைப்பர் ஒருமுறை போய் ஒருமுறை வரும் கீச்சொலியும் சக்கரத்துக்கடியில் ஜல்லி நெரியும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காத அந்த அமைதியை அவள் ஆசையாக அனுபவித்தாள். பிறகுதான் அமைதி கொஞ்சம் அதிகம் என்று பட்டது. ஏதோ ஒரு சத்தம் குறைந்தது. அவருடைய குரல் மட்டும் இல்லை, வேறு ஏதோ. என்னவென்று பிடிபடவில்லை.

வாடையும் மாறியிருந்தது. முட்டிக்கு அவர் அப்பும் தைலத்தின் நெடி காரை விட்டுப் போகவே போகாது. வகுப்புக்கு வருகிற பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வார்கள். இப்போது அந்த நெடி இல்லை. ரொம்ப நாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வரும் வாடை வந்தது, அவர் பக்கத்திலிருந்து.

"தொப்பியக் கழட்டுங்களேன். சீட்டெல்லாம் நனையுது."

"சரி."

கழற்றவில்லை. தொப்பிக்குள் அவருடைய மூக்கின் நுனி மட்டும் டாஷ்போர்டின் பச்சை வெளிச்சத்தில் தெரிந்தது. மாஸ்டரின் மூக்குதான். ஸ்டியரிங்கில் இருந்த கைகளும் மாஸ்டரின் கைகள்தான். ஆனால் மாஸ்டர் ஓட்டும்போது நொடிக்கொரு தரம் கண்ணாடியைப் பார்ப்பார். பக்கத்துக் கண்ணாடி, நடுக் கண்ணாடி, மறுபடி பக்கத்துக் கண்ணாடி. கழுத்து சும்மா இருக்காது. இந்தத் தலை திரும்பவே இல்லை. வளைவுகளில்கூட.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது. என்றாலும் செய்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

டிக்கென்று சத்தம் கேட்டது. பெல்ட் தோளிலிருந்து உருவி உள்ளே போயிற்று.

ஒரு தடவை, வீட்டு வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது அவள் பெல்ட்டைக் கழற்றியதற்கு, மாஸ்டர் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் திரும்ப மாட்டும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அசையவில்லை.

இப்போது அவள் காத்திருந்தாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு.

"பெல்ட்டக் கழட்டிட்டேங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சரி."

அவளுக்குப் பயம் வந்தது. நேரடியான, குழந்தைகளுக்கு வருகிற பயம். ஜன்னலில் முகத்தை வைத்து வெளியே பார்த்தாள், யாராவது, ஏதாவது ஒரு வண்டி, ஒரு வீட்டு விளக்கு. பாதை மடிந்து மடிந்து இறங்கியதால், அவர்கள் கடந்துவந்த வளைவுகள் தலைக்கு மேலே அடுக்கடுக்காகத் தெரிந்தன. அதில் மேலே, ரொம்ப மேலே, ஒரு சின்ன வெள்ளை வெளிச்சம் ஆடியது. போனின் டார்ச் வெளிச்சம். யாரோ அதை ஆட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டம் சீராக இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்து ஓடும் ஓட்டம்.

டாஷ்போர்டில் மாட்டியிருந்த மாஸ்டரின் போன் அடித்தது.

திரையில் "ஆபீஸ்" என்று வந்தது. அவளுடைய நம்பரை மாஸ்டர் அப்படித்தான் போட்டு வைத்திருந்தார். அவளுடைய போனிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள்.

பக்கத்துத் தலை திரும்பவில்லை. அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏய்!" மூச்சு இரைத்தது. "ஒரு வார்த்தை சொன்னா இப்படியா விட்டுட்டுப் போவே? மழையில நடுக்காட்டுல! உனக்கு அறிவு கிறிவு..." பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. அடுத்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது, மெல்லிசாக. "உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. வண்டிய யாரு ஓட்டறா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாவி என் கையில இருக்கு. வண்டி எப்படிப் போகுது?"

போனுக்குள் சின்ன மணி குலுங்கியது. மகள் பள்ளியில் படிக்கும்போது சாவியில் கட்டிவிட்ட மணி. எந்த வளைவிலும் அது சிணுங்காமல் இருந்ததில்லை. எந்தச் சத்தம் குறைந்தது என்று இப்போது தெரிந்தது. அவள் ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தாள். சாவித் துவாரம் காலியாக இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள். "ஏங்க, உங்கள மாதிரியே இருக்குங்க."

மாஸ்டரின் குரல் வகுப்பெடுக்கும் குரலாயிற்று. பிள்ளைகள் பயந்து ஸ்டியரிங்கை விட்டுவிடும்போது வருகிற குரல்.

"அந்தப் பக்கம் பாக்காத. நான் சொல்றத மட்டும் கேளு. உன் காலடியில பிரேக் இருக்குல்ல? பாதத்த நல்லா வையி. வெச்சியா? மெதுவா மிதி. நிக்கிற வரைக்கும் எடுக்காத. நான் குறுக்கால எறங்கி வரேன். முட்டி போனாப் போகுது."

"பேசிட்டே இருங்க. நிறுத்தாதீங்க. திட்டுங்க."

"மிதி, எருமை! மிதி!"

மிதித்தாள். இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். பிரேக் பாதி இறங்கியது. வண்டி தயங்கியது. அவளுக்கு உயிர் வந்தது.

அப்போது பிரேக் மேலே ஏறியது.

அவள் கால்களைத் தூக்கிக்கொண்டு ஏறியது. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ அதை அடியிலிருந்து தூக்கியது. பார்க்காதே என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பார்த்தாள். பச்சை வெளிச்சத்தில் ஒரு வெறுங்கால். ஊறி வெளுத்த கால். அதன் விரல்கள் பெடலுக்கு அடியில் நுழைந்து, கை விரல்கள் போல வளைந்து அதைக் கவ்விப் பிடித்திருந்தன.

"ஏங்க..."

போனில் ஒன்றுமில்லை. சிக்னல் போயிருந்தது.

கதவைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. கழற்றிய பெல்ட்டை மறுபடி மாட்ட இழுத்தாள். வரவில்லை. கண்ணாடியை அறைந்தாள். மேலே அந்தச் சின்ன வெளிச்சம் ரோட்டை விட்டு மரங்களுக்குள் இறங்கிவிட்டிருந்தது. விழுந்தது. எழுந்தது. குறுக்கே, நேராக, கீழ்நோக்கி வந்தது. அவர் வந்துவிடுவார். எப்படியாவது வந்துவிடுவார். வந்து காது கிழியத் திட்டுவார். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இன்னொரு வளைவு.

இன்னொரு சுவர். பள்ளத்தாக்கு பார்ப்பதற்கான இடம்.

விளக்கு வெளிச்சம் சுவரின் மேல் ஊர்ந்தது. சுவரை ஒட்டி ஒருத்தி நின்றாள். தூறலில், நனைந்து, யாருக்கோ காத்திருப்பவள் போல. மஞ்சள் ஸ்வெட்டர். பொத்தான்கள் ஒன்றுக்கொன்று தள்ளி மாட்டியிருந்தன. காலில் செருப்பில்லை. கூசும் வெளிச்சத்துக்குக் கண்ணைக்கூடச் சுருக்காமல் முகத்தை நிமிர்த்தினாள். தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

மரங்களுக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. பக்கத்தில்தான். "வந்துட்டேன்! அங்கேயே இரு! வந்துட்டேன்!" மணி குலுங்கும் சத்தமும் கேட்டது.

வெளியே நின்றவள் அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கதவை நோக்கி நடந்து வந்தாள்.

உள்ளங்காலுக்கு அடியில் பிரேக் ஒரே மூச்சில் இறங்கியது. வண்டி நின்றது. பூட்டு தானாக எழும்பியது. கதவு வெளியிலிருந்து திறந்தது. ஈரக் கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"இறங்கு," என்றது பக்கத்தில் மாஸ்டரின் குரல். "அடுத்த ஆள் ஏறட்டும்."