சடை பின்னிய தரை

"கனகா, இன்னிக்கு வெள்ளிக்கெழம. கூடத்துல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிடு. இன்னா, கேட்டுதா?"

"ம்" என்றாள் கனகா. சொல்லிவிட்டு நைனா காஞ்சிபுரம் போகிற முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கனகா புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள்.

அந்த வீட்டில் எல்லாச் செய்தியும் பத்து வயதுக் கனகா வழியாகத்தான் போகும். அவளுக்கு அம்மா இல்லை. அண்ணன் முத்துவேல் பஸ் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். அண்ணி பாஞ்சாலி தென்னேரியிலிருந்து கல்யாணமாகி வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

"மோர் போதும்னு சொல்லு கனகா" என்பார் நைனா.

"இன்னும் கொஞ்சம் ஊத்திக்கச் சொல்லு கனகா" என்பாள் அண்ணி, அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து.

கனகா வாயே திறக்கமாட்டாள். இருவருக்கும்தான் காது கேட்கிறதே!

அந்த வீட்டுக் கூடத்தில் தரை மரத்தாலானது. எப்போதோ ஏரி மதகைப் பழுதுபார்க்க வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் கட்டிய வீடு அது. சாண் நீளத் தேக்குக் கட்டைகளைச் சாய்த்துச் சாய்த்து, சடை பின்னியதுபோல் பதித்திருந்தார்கள். பின்னால் அந்தக் கூடம் நெல் மூட்டை அடுக்குகிற இடமானது. கட்டைகள் கழன்றன, கறுத்தன. கல்யாணம் வருகிறதென்று நைனா தச்சர் ஏசுதாஸோடு இரண்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையாகச் சுரண்டி, தார் தடவி ஒட்டி, மெழுகு போட்டுத் தேய்த்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த கனகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவில் தரை ஆமை முதுகுபோல எழும்பியிருந்தது. பக்கத்தில் அண்ணி கையில் உலக்கையோடு அழுதுகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழமன்னு எட்டுக் கொடம் ஊத்திக் கழுவிவுட்டேன் கனகா. இன்னாத்துக்கு இப்படி எழுந்துக்கினு கீது? மாமா பாத்தா என்னை எங்க வூட்டுக்கே அனுப்பிடுவாரு!"

கனகாவுக்குக் காலையில் நைனா சொன்னது இப்போதுதான் முழுதாக நினைவுக்கு வந்தது. அண்ணிக்கு அது தெரியாது.

"உலக்கை எதுக்கு அண்ணி?"

"இடிச்சா உக்காந்துக்காதா?"

"ஐயோ, இது இன்னா அவலா?"

அழுகைக்கு நடுவிலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கனகா குனிந்து பார்த்தாள். மழைக்காலத்தில் தோட்டத்துக் கதவு சாத்தவே வராது. தை பிறந்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணி, மரம் தண்ணி குடிச்சிக்கினு கீது. காஞ்சா எறங்கிடும். பேத்து நெழல்ல வைக்கலாம், வா."

தோசைத் திருப்பியால் அண்ணி ஒவ்வொரு கட்டையாக நெம்பினாள். வரிசை மாறக் கூடாதென்று கனகா சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று...

நாற்பதில் சாக்பீஸ் நின்றது.

"அண்ணி, தண்ணி ஊத்த வேணாம்னு நைனா காலைல எங்கிட்ட சொன்னாரு. நான் உங்கிட்ட சொல்லாம தூங்கிட்டேன்."

அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு அடுத்த கட்டையை நீட்டினாள்.

"நாப்பத்தொண்ணு எழுது."

எழுபத்திரண்டாவது கட்டையைப் பெயர்த்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி அடுப்படிக்குள் ஓடினாள்.

நைனா கூடத்தைப் பார்த்தார். 

"நைனா, நீ சொன்னத நான் அண்ணிகிட்ட சொல்லல. தூங்கிட்டேன்" என்றாள் கனகா.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தண்ணி ஊத்தினது நாந்தான்னு சொல்லு கனகா."

நைனா உட்கார்ந்து ஒரு கட்டையை எடுத்தார். அதிலிருந்த எண்ணைக் கட்டைவிரலால் தடவினார்.

"தூங்கற புள்ளகிட்ட சொல்லிட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏம்மா பாஞ்சாலி!"

கனகா வழக்கம்போல அடுப்படிப் பக்கம் திரும்பினாள். ஆனால் நைனா அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாம்மா. இன்னும் எத்தினி கட்டை எடுக்கணும்?"

கதவு மெல்லத் திறந்தது.

"பத்துப் பன்னெண்டு இருக்கும் மாமா" என்றாள் அண்ணி.

"சரி. நீ நெம்பு, நான் எடுத்து வெக்கறேன்."

மூன்று வாரத்தில் கட்டைகள் காய்ந்தன. ஏசுதாஸ் வந்து, மரம் உப்பினாலும் எழும்பாதபடி சுவரோரம் விரலளவு இடம் விட்டுத் தரையைப் பதித்தார். எடுத்துக் கொடுத்தவர்கள் நைனாவும் அண்ணியும்.

"அது அறுவத்தாறு மாமா, தலைகீழாப் புடிச்சிக்கினு கீறீங்க!"

"இல்லம்மா, தொண்ணூத்தொம்போது."

"நாம எடுத்ததே எம்பத்தினாலு கட்டைதான் மாமா!"

ஏசுதாஸ் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி காத்திருந்தார். கனகாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவள் விளையாட ஓடிவிட்டாள்.