ஒற்றைக் கை வண்டி

"உன் கை பட்டது எது விளங்கியிருக்கு? காபியை அங்கேயே வச்சிட்டுப் போ!"

மாமியாரின் குரலில் காலையிலேயே வீடு அதிர்ந்தது. மூத்த மருமகள் டம்ளரை மேசையில் வைத்தாள். பின்பக்கக் கொட்டகையில் அவள் கணவன் வளைந்துபோன இரும்பைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

அவன் உருவாக்கிய மோட்டார் சைக்கிள் ஊரில் இல்லாத வண்டி. நானூறு சிசி. முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஃபோர்க்கே கிடையாது. பக்கவாட்டில் ஒரே ஒரு இரும்புக் கை. எவ்வளவு அழுத்தி பிரேக் பிடித்தாலும் வண்டி முன்பக்கம் சாய்ந்து மூக்கு குத்தாது. அதற்காக அவன் வேலையை விட்டான். அவள் தையல் மெஷினில் முதுகொடிந்தாள். மோட்டார் கம்பெனிக்காரர்கள் வண்டியைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், கணவனும் மாமியாரும் ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி திரும்பியபோது, வண்டி மதிலில் மோதிக் கிடந்தது.

"நான்தான் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன்" என்றாள் அவள். அன்றிலிருந்து கணவன் அவள் முகத்தில் விழிப்பதில்லை.

"அண்ணிக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" சாப்பிட்டுக்கொண்டே கொழுந்தன் சொன்னான். "அண்ணனோட உழைப்பே மண்ணாப் போச்சு!"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இவனா பேசுகிறான்...? 'வண்டியைத் தொட்டா வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கார்... காப்பாத்துங்க அண்ணி!' என்று அன்று ராத்திரி காலில் விழுந்தவன்!

அந்த நேரம் பார்த்து, தாய்வீடு போயிருந்த கொழுந்தனின் மனைவி பெட்டியோடு உள்ளே வந்தாள். மாமியார் நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்த்தாள்.

"என்னத்தே பேசறீங்க! அன்னைக்கு என்னை எங்கம்மா வீட்டுல கொண்டு விட்டதே இந்த அக்காதான். இருட்டினப்புறம்தான் கிளம்பினாங்க. அவங்க எப்படி ஓட்டியிருக்க முடியும்?" சட்டென்று தன் கணவன் பக்கம் திரும்பினாள். "வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான்... வாயைத் திறங்க!"

கொழுந்தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. கொட்டகையிலிருந்து உள்ளே பாய்ந்து வந்த அண்ணன் தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "வெளிய போடா!"

"விடுங்க அவரை!" மூத்த மருமகள் குறுக்கே வந்தாள். "இது நடக்கக் கூடாதுன்னுதான் இத்தனையும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"என்கிட்டயாவது... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!" என்றான் அவள் கணவன்.

"நீங்க கேட்டீங்களா? வளைஞ்ச இரும்பைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தீங்க. மதில்ல மோதினேன்னு சொன்னவளை, 'உனக்கு எங்கேயாவது அடிபட்டுச்சா'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாமியார் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கக்கா வீட்டுக்குப் போறேன். யாரும் பின்னாடி வர வேண்டாம்."

நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். ஓரகத்தி மட்டும் ஓடி வந்து, அந்தப் பையை வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.