பதில் போடாத பின்னூட்டம்

அழித்துவிட்ட கேள்வி மறுபடியும் அதே இடத்தில் கிடந்தது.

முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குளியலறையில் வெந்நீர் போடும் கேஸ் ஹீட்டர் செய்து விற்கும் அவருடைய கம்பெனியின் வலைப்பூ அது. இரண்டு வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்ததை அவர் மனைவியின் தம்பிதான் தூசி தட்டியிருந்தான்.

"அத்தான், ஜனங்க எதையும் தேடிப் படிச்சிட்டுத்தான் வாங்குறாங்க. வாரம் ஒரு கட்டுரை போடணும். கேக்குறவங்களுக்கு அன்னைக்கே பதில் சொல்லணும். பிளாக் செத்துக் கிடந்தா கம்பெனியே செத்துடுச்சுன்னு நினைப்பாங்க" என்று காலையில் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தான்.

பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது. முன்பு இதை எழுதிக்கொண்டிருந்த பெண்ணை, தண்டச் சம்பளம் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு தாய் இந்த வலைப்பூவின் பின்னூட்டத்தில் மூன்று நாள் கேட்டிருந்தாள். ஹீட்டர் ஓடும்போது தலை சுற்றுகிறது, பிள்ளை வாந்தி எடுக்கிறாள், பரவாயில்லையா? ஹீட்டரை நிறுத்து, ஜன்னலைத் திற என்று ஒரு வரி போதும். எழுத ஆளில்லை. நாலாம் நாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான், ஹீட்டரின் விஷவாயுவில் செத்துக் கிடந்த அம்மாவையும் மகளையும் வெளியே எடுத்தார்கள். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் முதலாளி அந்தக் கேள்விகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, "எங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கலையே" என்று சாதித்துவிட்டார்.

இப்போதும் அழித்தார். இரண்டாக வந்தது. அதையும் அழித்தார். மூன்று.

வெளியே பட்டப்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, ஏசியின் முனகலுக்கு அடியில் சுவருக்குள் எங்கோ தண்ணீர் ஓடுவது போல ஒரு நீண்ட சரசரப்பு கேட்டது. சோப்பும் ஈரத்துணியும் எரிந்த கேஸும் கலந்த வெதுவெதுப்பான வாடை மெல்ல எழுந்து மூக்கில் ஏறியது. கம்ப்யூட்டர் திரை ஓரங்களிலிருந்து வேர்க்கத் தொடங்கியது.

முதல்முறையாகப் பதில் தட்டினார். 'ஹீட்டரை உடனே நிறுத்துங்கள். ஜன்னலைத் திறங்கள்.'

கண் இமைக்கும் நேரத்தில் கீழே ஒரு வரி.

'இப்பதான் பதில் எழுதக் கை வந்துச்சா? உங்க வீட்டுல ஹீட்டர் ஓடுது. ஜன்னல் சாத்தியிருக்கு.'

வீட்டிலிருந்த மனைவியை போனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காரை எடுத்தார். எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ... குளிக்கலையா?"

"காலையிலயே குளிச்சாச்சே. நீங்கதான் ஆபீஸ்லருந்து வந்து குளிக்கிறீங்கன்னு நினைச்சேன். அரை மணியா தண்ணி சத்தம் கேக்குது."

"எந்திரி. தெருவுக்குப் போ. கேக்காத, போ!"

அவள் போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தார். உள்ளே ஆளில்லை. ஒரே ஆவி. ஹீட்டரின் திருகைத் திருப்பினார். நெருப்பு அணையவில்லை, நீலம் மாறி மஞ்சளாக எழும்பியது. ஜன்னல் கொண்டியை இழுத்தார். அசையவில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

முட்டினார். கத்தினார். தெருவில் நின்றவளுக்கு எங்கே கேட்கும்?

சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. வலைப்பூவில் புதுப் பின்னூட்டம்.

'ஹீட்டர்ல இருந்த உங்க கம்பெனி பேரை எம்பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சா. அதான் அவ கடைசியா பேசினது.'

தலை சுற்றியது. நாக்கு தடித்தது. எழுத்துகள் கலைந்தன. முழங்கால் மடங்கியது.

காற்று. கொஞ்சம் காற்று.

ஈரத் தரையில் கன்னத்தை வைத்து, கதவின் அடி இடுக்கில் மூக்கைக் கொண்டுபோனார்.

"தாயே... தெரியாம பண்ணிட்டேன்... திறம்மா..."

இடுக்குக்கு அப்பால், ஒரு சாண் தூரத்தில், இரண்டு ஜோடிப் பாதங்கள். தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியவை. குளிர்ந்து கூசும் தரையில் கால் படாமலிருக்க, சின்னப் பாதங்கள் பெரிய பாதங்களின் மேல் ஏறி நின்றிருந்தன. விரல்களிலிருந்து நீர் சொட்டியது.

அவை அசையவில்லை. அவசரமே இல்லாமல் நின்றன.