மீதி பூஜ்யம்

அக்காவின் நாற்காலியில் குழி இல்லை. அதுதான் முதலில் தங்கையின் கண்ணில் பட்டது. ஆறு வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்து அழுத்திய மெத்தை, கடையிலிருந்து நேற்று இறக்கியதுபோல் உப்பிக்கொண்டிருந்தது. மேஜையில் டீக்கறை இல்லை. அக்கா எங்கே என்று மேலாளருக்குப் போன் போட்டால், இங்கே அப்படி யாரும் வேலை பார்த்ததே இல்லையே என்கிறார். அம்மாவோ, எனக்கு நீ ஒரே பெண்தானேடி என்கிறாள். பெற்றவளே இப்படிச் சொன்னால் வயிறு எரியாதா?

தரைக்குக் கீழே இருந்த அந்தக் கணினி அறையில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வேலை. ரகசியத் தகவல்களுக்குப் பூட்டாகப் பயன்படும் ராட்சச எண்களை, எந்த இரண்டைப் பெருக்கினால் அவை வரும் என்று உடைத்துப் பார்ப்பது. கடைசியாக வந்தது அறுநூறு இலக்கத்துக்கும் மேல். அது பகு எண்தான் என்று கணினி உடனே சொல்லிவிட்டது. எதால் வகுபடும் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது, அவ்வளவு அழுத்தம். எந்த எண்ணால் வகுத்தாலும் ஏதாவது மீதி நிற்கும். உடைக்க ஒரு ஆயுசு போதாது. உடைந்த துண்டு இரண்டையும் பெருக்கிச் சேர்க்கக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அதனால் அந்த அறையில் ஒரே சட்டம்: வகுபட்டால் துள்ளாதே, முதலில் பெருக்கிச் சரிபார்.

அக்கா சரிபார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரையில் 'மீதி பூஜ்யம்' என்று வந்ததும், "கிடைச்சிடுச்சுடி, பெருக்கறதெல்லாம் அப்புறம்" என்று சொல்லி, முகம் கழுவ நடைவழிப் பக்கம் போனவள்தான். தன்னில் ஒரு துளிகூட மீதி வைக்காமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை தனியாக வந்து உட்கார்ந்தாள். அக்காவின் திரையில் அந்த இரண்டு துண்டுகளும் அப்படியே இருந்தன. சின்னதே முந்நூறு இலக்கம். சூடேறிய தூசியின் வாசனை, விசிறிகளின் ஓயாத இரைச்சல், அதற்கு அடியில் நடைவழியில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். அவள் விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோகும்போதெல்லாம் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கிவிடுகிறது, சொட்டும் சத்தம் மட்டும் ஒரு எட்டு கிட்டே வந்துவிடுகிறது. நடைவழி விளக்கு அணைந்தது. பயத்தைவிட அவளுக்குக் கோபம் பெரிதாக இருந்தது.

"என்ன பூச்சாண்டி வேணும்னாலும் காட்டிக்கோ," என்றாள் திரையைப் பார்த்து. "எங்க அக்காவைத் திருப்பிக் குடு."

பெருக்கினாள். இலக்கம் பிசகாமல் பழைய எண் வந்து நின்றது.

கதவு தட்டப்பட்டது.

"பெருக்கிப் பார்த்தியாடி?"

அக்காவின் குரல். அதே கரகரப்பு.  தங்கை விழுந்தடித்து எழுந்து கதவுக்கு ஓடினாள்.

மறுபடி ஒரு தட்டல். அதே கேள்வி. கொஞ்சம் தள்ளி.

மறுபடி. இன்னும் தள்ளி.

தாழ்ப்பாளில் கை நின்றது. அக்காவை அந்த எண் விழுங்கவில்லை. மீதி வராமல் பங்கு போட்டிருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கையே முந்நூறு இலக்கம். இப்போது பெருக்கியதும் அத்தனையும் ஆளுக்கொரு அக்காவாகத் திரும்பி வந்திருக்கிறது.

சொட்டு. சொட்டு. சொட்டு.

ஓடிப்போகலாம். வேறு வாசல் இருந்தது. அம்மாவுக்கு ஒரே பெண்ணாகவே இருந்துவிடலாம்.

"மாட்டேன்," என்றாள் தங்கை. "எத்தனை பேரா வந்தாலும் எங்க அக்காதான்."

திறந்தாள்.

நடைவழி முழுக்க அக்கா. படிக்கட்டு முழுக்க அக்கா. படியேறி, வெளிக்கதவு தாண்டி, வெயிலில் தெரு கண்ணுக்கு மறையும் வரைக்கும் அக்கா. துடைக்காத ஈர முகங்கள். ஒவ்வொரு தாடையிலும் ஒரு சொட்டு. கதவு தட்டத் தூக்கிய கைகள்.

முதல் அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மெத்தை அமுங்கிக் குழி விழுந்தது. அவள் மடியில் அடுத்தவள் உட்கார்ந்தாள். அவள் மடியில் இன்னொருத்தி. அறை நிறைந்தது. சுவர் முனகியது. தங்கையின் முதுகு சுவரோடு ஒட்டியது, மூச்சு முட்டியது. கதவைப் பிடித்த கையை மட்டும் அவள் விடவில்லை.

வெளியே வரிசை குறையவே இல்லை.